அங்காரா: ராக்கெட் ரெடி, சாட்டிலைட் ரெடியா?

2022 ஏப்ரல் 29. ரஷ்யாவின் வடக்கே உள்ள பிளெசெட்ஸ்க் ராணுவ ஏவுதளத்திலிருந்து அங்காரா 1.2 ராக்கெட் கிளம்பியது. உள்ளே காஸ்மோஸ்-2555 என்ற ராணுவ செயற்கைக்கோள். ராக்கெட் தன் வேலையைச் சரியாக முடித்தது. செயற்கைக்கோளோ தன் சுற்றுப்பாதையை உயர்த்திக்கொள்ளவே இல்லை. மூன்று வாரம்கூடத் தாங்காமல், மே 18 அன்று வளிமண்டலத்தில் விழுந்து எரிந்துபோனது.

'ரஷ்யாவின் புது ராக்கெட்' என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது இதுதான்.

சரி, புது ராக்கெட் எதுக்கு? பழசு நல்லாத்தானே ஓடிச்சு?

ஓடியது. ஆனால் எல்லாமே அடுத்தவர் கையில். கனமான செயற்கைக்கோள்களைச் சுமந்த புரோட்டான் கிளம்புவது கஜகஸ்தானின் பைக்கானூரிலிருந்து. சோவியத் உடைந்தபின் அது வேறு நாடு. வருட வாடகை 11.5 கோடி டாலர். ராணுவ ரகசியத்தை வாடகை வீட்டில் வைத்துப் பூட்டுகிற மாதிரி. போதாக்குறைக்கு, எரிபொருள் ஹெப்டைல் கடும் நச்சு. சின்ன செயற்கைக்கோள்களுக்கு இருந்த ரோகோட், பழைய அணு ஏவுகணையை மாற்றிச் செய்தது. அதன் கட்டுப்பாட்டுக் கருவி உக்ரைன் தயாரிப்பு! 2014-க்குப் பிறகு அந்த உறவு என்ன ஆனதென்று சொல்லத் தேவையில்லை. 2019 டிசம்பரோடு ரோகோட்டும் நின்றது.

அங்காரா இதற்கெல்லாம் பதில். சொந்த மண், சொந்த உதிரிபாகம், மண்ணெண்ணெய் - திரவ ஆக்ஸிஜன் எரிபொருள். ஒரே மாதிரி மாட்யூல்தான்: ஒன்று வைத்தால் அங்காரா 1.2, ஐந்தைச் சேர்த்துக் கட்டினால் கனரக ஏ5. படுக்கவைத்தே பூட்டி, ரயிலில் தளத்துக்குக் கொண்டுபோய் நிமிர்த்துவார்கள்.

யோசனை அருமை, வேகம்தான் ஆமை. திட்டம் 1990-களில் தொடங்கியது, முதல் பறத்தல் 2014-ல். அதற்குள் இந்த மாட்யூலின் தம்பி ஒன்று தென்கொரியாவின் நாரோ ராக்கெட்டில் 2009-லேயே பறந்துவிட்டது என்பது தனிக் காமெடி. ஏ5 முதலில் சுமந்ததெல்லாம் டம்மி எடைகள். நிஜமான ராணுவ செயற்கைக்கோளான காஸ்மோஸ்-2589-ஐ அது ஏற்றிப் போனது 2025 ஜூனில்தான்.

ஆக, தாமதமானாலும் ராக்கெட் வந்துவிட்டது. என் சந்தேகம் அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் பொருள் மீதுதான். இன்ஜின் செய்வது ரஷ்யாவுக்குத் தாத்தா காலத்துச் சொத்து. செயற்கைக்கோள் அப்படியல்ல. அதற்கு வேண்டியது விண்வெளிக் கதிர்வீச்சைத் தாங்கும் சிப்புகள். அவற்றில் பல இறக்குமதி. 2014-ல் தொடங்கிய தடைகள் கைவைத்தது அங்கேதான். குளோனாஸ்-கே வரிசை தள்ளிப்போனதற்கும் அது ஒரு காரணம்.

உளவுக்கான பெர்சோனா செயற்கைக்கோள்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2008, 2013, 2015 என மொத்தம் மூன்றே மூன்று. முதலாவது சீக்கிரமே செயலிழந்தது. அமெரிக்காவின் பிளானெட் என்ற ஒரு தனியார் கம்பெனி மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட படமெடுக்கும் செயற்கைக்கோள்களை வைத்திருக்கிறது. 2022 போருக்கு முன் எல்லையில் குவிந்த ரஷ்யப் படைகளை நம் போனிலேயே பார்த்தோமே, அவையும் தனியார் செயற்கைக்கோள் படங்கள்தான். போரில் யார் கண் தெளிவாகத் தெரிகிறதோ, அவர் குண்டுதான் குறி தப்பாது. இந்தக் குறையை ராக்கெட்டால் தீர்க்க முடியாது.

அடுத்த முறை அங்காரா ஏவப்பட்டால், அன்றைய வீடியோவோடு நிறுத்திவிடாதீர்கள். செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதை விவரத்தை அமெரிக்க ராணுவமே பொதுவில் வெளியிடுகிறது. இரண்டு வாரம் கழித்து உயரத்தைப் பாருங்கள். காஸ்மோஸ்-2555 விஷயத்தில் உலகத்துக்கு நிலவரம் தெரிந்தது அப்படித்தான்.