ரூம் போட்டு யோசி!: தூங்குமூஞ்சிக்கு ஏன் தலைவலி?

ஹாஸ்டல் சாம்பாரைப் பார்த்து பயந்து, நாலு பேரா சேர்ந்து வெளியே வீடு எடுத்துத் தங்கியிருக்கீங்களா? அந்த வீட்டு பாத்ரூமில் கேஸ் கீசர் இருக்கா? அப்ப இந்த வாரம் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். கொஞ்சம் சீரியஸான மேட்டர். நடுவுல கடி ஜோக் வந்தா மன்னிச்சிடுங்க, பழக்கதோஷம்.

முதல்ல ஒரு வாக்குமூலம். நான் செகண்ட் இயரில் 'கேஸ் லீக் டிடெக்டர்'னு ஒரு மினி புராஜெக்ட் பண்ணினேன். ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு எம்.க்யூ-2 சென்சார், ஒரு பஸ்ஸர். சிகரெட் லைட்டரை அமுக்கி அது முன்னாடி காட்டினா 'கீ'ன்னு கத்தும். எக்ஸ்டர்னல் தலையாட்டினார், சூப்பர் மார்க். அதே வருஷம் நான் குடியிருந்த வீட்டு பாத்ரூமுக்குள்ள என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.

கோயம்புத்தூர்ல, காலேஜ்ல இருந்து நடக்கிற தூரத்துல மாடி வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு கிச்சன், தீப்பெட்டி சைஸ் பாத்ரூம். நாங்க நாலு பேர். காரைக்குடிக்காரன் ஒருத்தன் நோட்டு போட்டு செலவு எழுதுவான், அதனால அவன் கணக்குப்பிள்ளை. ஈரோட்டுக்காரன் கிச்சனைக் குத்தகைக்கு எடுத்ததால நளன். கோவில்பட்டிக்காரன் கொஞ்ச நாள் பேர் இல்லாமத்தான் இருந்தான். நவம்பர் கடைசியில் அவனுக்கும் ஒரு பேர் வெச்சோம்: தூங்குமூஞ்சி.

ஏன்னா காலையில குளிச்சிட்டு வந்தா தலை வலிக்குதும்பான். வாந்தி வர்ற மாதிரி இருக்கும்பான். முதல் பீரியட் பூரா டெஸ்க்ல கவுந்து படுத்திருப்பான். மத்தியானம் கேன்டீன்ல பார்த்தா பரோட்டாவை உள்ளே தள்ளிக்கிட்டு ஜம்முனு இருப்பான். ஞாயித்துக்கிழமை வீட்டிலேயே இருந்தா மறுபடி தலைவலி. "ஆக்டிங் குடுக்குறான்டா, பாத்திரம் கழுவ டிமிக்கி"ன்னு நாங்க மூணு பேரும் ஏகமனதா தீர்ப்பு சொன்னோம். நான்தான் ரொம்ப ஓட்டினேன். அவன் மாதிரியே தள்ளாடி நடந்து காட்டி கிளாஸையே சிரிக்க வெச்சிருக்கேன்.

வீட்டுக்குள்ள இருந்தா தலைவலி, வெளியே போனா சரியாயிடும். இந்த ஒரு வரியை மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கோங்க. டாக்டர்கள் முதல்ல கேட்கிற கேள்வியே இதுதானாம்.

டிசம்பர்ல கோவைக் குளிர் தெரியும்ல? பாத்ரூம் வென்டிலேட்டர் வழியா காத்து சுரீர்னு அடிக்குதுன்னு, பழைய ஃப்ளெக்ஸ் பேனரை மடிச்சு அங்கே ஒட்டினோம். ஒட்டினது யாருன்னு கேட்காதீங்க. டேப் என்னுடையது.

ஒரு ஞாயித்துக்கிழமை காலை. நாலு பேருக்கும் துணி துவைக்கிற வேலை, வெந்நீர் ஓடிக்கிட்டே இருந்துச்சு. வரிசையா குளிச்சோம். லேட்டா எழுந்திருக்கிற புண்ணியவான் வழக்கம்போல கடைசி. பக்கெட் நிறைஞ்சு தண்ணி வழியற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. "டேய், குழாயை மூடுடா, தண்ணி பில் உங்கப்பாவா கட்டுவாரு?"ன்னு கணக்குப்பிள்ளை கத்தினான். பதில் இல்லை. ரெண்டு தடவை கதவைத் தட்டினோம். மூணாவது தடவை நளன் தோளால இடிச்சான், தாழ்ப்பாள் பிய்ஞ்சுக்கிட்டு வந்துச்சு. உள்ளே அவன் சுவர்ல சாஞ்சு உட்கார்ந்த மாதிரி கிடந்தான். கீசர் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

மொட்டை மாடிக்குத் தூக்கிட்டு ஓடினோம். வெளிக்காத்து பட்டு ரெண்டு மூணு நிமிஷத்துல கண்ணைத் திறந்தான். "ஏன்டா என்னை டவலோட மாடியில போட்டிருக்கீங்க?"ன்னு கேட்டான். எங்களுக்குச் சிரிப்பு வரலை.

ஆஸ்பத்திரியில விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 காட்டிச்சு. நான் "அப்பாடா"ன்னேன். டியூட்டி டாக்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. "வீட்ல கேஸ் கீசரா தம்பி?"ன்னுதான் கேட்டார். ரத்தம் எடுக்கச் சொல்லிட்டு, முகத்துல ஆக்ஸிஜன் மாஸ்க்கை வெச்சார்.

விஷயம் இதுதான். ரத்தத்துல ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோட கார்பன் மோனாக்ஸைடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஒட்டிக்கும். பஸ்ல கர்ச்சீப் போட்டு சீட்டு பிடிக்கிற மாதிரி இடத்தைப் பிடிச்சிட்டு நகராது. அந்த விரல் மெஷினுக்கோ ஆக்ஸிஜன் ஒட்டின ஹீமோகுளோபினையும் இதையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. அதனால ஆள் மயங்கிக் கிடந்தாலும் 98ன்னு சிரிக்கும். சாதாரணக் காத்தை சுவாசிச்சா உடம்புல இருக்கிற மோனாக்ஸைடு பாதியாக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். மாஸ்க்ல ஆக்ஸிஜன் குடுத்தா ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள முடியும். அதுக்குத்தான் அந்த மாஸ்க்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. எழுந்து ஒரு கணக்கு போட்டேன். எங்க பாத்ரூம் 4க்கு 6 அடி, உயரம் 8 அடி. மொத்தம் 192 கன அடி, அதாவது சுமார் ஐந்தரை கன மீட்டர் காத்து. 6 லிட்டர் கேஸ் கீசர் முழு வேகத்துல எரிஞ்சா 10 கிலோவாட்டுக்கு மேல போகும். சமையல் அடுப்போட ஒரு பர்னர் 2 கிலோவாட்தான். அப்ப அஞ்சு அடுப்பை பாத்ரூமுக்குள்ள பத்தவெச்சிட்டுக் கதவைச் சாத்தின மாதிரி! ஒரு கிலோ எல்.பி.ஜி. ஒழுங்கா எரிய 12, 13 கன மீட்டர் காத்து வேணும். இந்தக் கீசர் ஒரு மணி நேரத்துல கிட்டத்தட்ட அவ்வளவு கேஸைக் குடிக்கும். கால் மணி நேரம் ஓடினாலே பாத்ரூம் காத்துல பாதி காலி. காத்து குறைஞ்சா கேஸ் அரைகுறையா எரியும், அரைகுறையா எரிஞ்சா மோனாக்ஸைடு. கெமிஸ்ட்ரி புக்ல 'இன்கம்ப்ளீட் கம்பஷன்'னு ரெண்டு மார்க் கேள்வியா வரும்ல, அதேதான். எழுதி ரெண்டு மார்க்கும் வாங்கியிருக்கேன். பேனரை ஒட்டும்போது ஞாபகம் வரலை.

மறுநாள் ஓனரம்மாகிட்ட போனோம். நல்ல மனுஷி, பொங்கலுக்குக் கரும்பெல்லாம் குடுப்பாங்க. ஆனா, "ஏனுங் கண்ணு, போன வருசம் இருந்த பசங்களும் இதே கீசர்லதானுங் குளிச்சாங்க. அவங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே?"ன்னாங்க. எங்க 11 மாச அக்ரிமென்ட்டை எடுத்துப் பார்த்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல பாட்டு கூடாது, மாடியில முட்டை ஓடு போடக் கூடாது, சுவத்துல ஆணி அடிச்சா ஒரு ஓட்டைக்கு 50 ரூபாய் அட்வான்ஸ்ல கழிப்பாங்க. எல்லாம் இருக்கு. கீசர்னு ஒரு வார்த்தை இல்லை.

இங்கிலாந்துல எம்.எஸ். படிக்கிற எங்க காலேஜ் சீனியர் அண்ணன்கிட்ட பொலம்பினேன். அவர் வாடகை வீட்டு ஹால்ல ஒரு வெள்ளை டப்பா இருக்காம். பேட்டரி தீர்ந்தா நிமிஷத்துக்கு ஒரு தடவை 'க்விக்'னு கத்தி உயிரை வாங்குமாம். "இதை நீங்களே வாங்கினீங்களாண்ணா?"ன்னேன். "நான் எதுக்குடா வாங்கணும்? ஓனர் வைக்கணும், அதான் இங்க சட்டம்"னு கூலா சொல்றார். தேடிப் பார்த்தேன், நிஜம்தான். அங்கே 2015 அக்டோபர்ல விறகு, நிலக்கரி எரிக்கிற அறைகளுக்கு மட்டும்னு ஆரம்பிச்ச விதி. 2022 அக்டோபர் 1 முதல் கேஸ் பாய்லர் மாதிரி நிலையா பொருத்தின எரிகருவி இருக்கிற எந்த வாழும் அறைக்கும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வைக்கிறது வீட்டுக்காரர் கடமை. சமையல் அடுப்புக்கு மட்டும் விலக்கு. குடிவர்ற அன்னிக்கு அது வேலை செய்யுதான்னு பார்க்கணும், ரிப்பேர்னு சொன்னா மாத்தித் தரணும். மீறினா 5,000 பவுண்டு வரை அபராதம். இது தவிர, வருஷத்துக்கு ஒரு தடவை பதிவு பெற்ற இன்ஜினீயர் வந்து கேஸ் கருவிகளைச் சோதிச்சு, அந்தச் சான்றிதழைக் குடியிருக்கிறவர் கையில குடுக்கணும்.

நம்ம கையில சட்டம் இல்லை, சரி, கடைக்காவது போவோம்னு பொங்கல் லீவுக்கு சென்னை வந்தப்ப ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். "கேஸ் டிடெக்டர் இருக்காண்ணா?" மூணு கடையிலும் உடனே எடுத்து நீட்டினாங்க. மூணும் எல்.பி.ஜி. லீக் டிடெக்டர்! இங்கேதான் பாஸ் நிறைய பேர் ஏமாறுவோம். எரியாம கசியற கேஸை அது கண்டுபிடிக்கும். அந்தக் கேஸுக்கு ஏற்கெனவே நாத்தம் சேர்த்திருக்காங்க, நம்ம மூக்கே பாதி டிடெக்டர். கனமான கேஸ், தரையில தங்கும், அதனால அதைக் கீழே மாட்டணும். மோனாக்ஸைடு அப்படி இல்லை. நிறம் இல்லை, வாசனை இல்லை, எடை ஏறக்குறைய காத்து எடைதான், ரூம் பூரா கலந்துடும். அதுக்குத் தனி சென்சார் வேணும். டப்பா மேல 'கார்பன் மோனாக்ஸைடு'ன்னு இருக்கா, ஈ.என். 50291 அல்லது யூ.எல். 2034ன்னு தரச்சான்று நம்பர் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. நான் கடைசியில ஆன்லைன்ல வாங்கினேன். ரெண்டாயிரத்துச் சொச்சம். நாலா வகுத்தா ஆளுக்கு ரெண்டு பிரியாணிதான்னு கணக்குப்பிள்ளை நோட்டுல எழுதினான்.

"நீ இன்ஜினீயர்தானே, செஞ்சிட வேண்டியதுதானே?"ன்னு கேட்கிற நண்பர்களுக்கு: எம்.க்யூ-7 சென்சார் இருக்கு, மோனாக்ஸைடுக்குன்னே வர்றது. அதோட ஹீட்டருக்கு 60 செகண்ட் 5 வோல்ட், அப்புறம் 90 செகண்ட் 1.4 வோல்ட்னு மாத்தி மாத்திக் குடுக்கணும். நம்ம புராஜெக்ட்ல முக்காவாசி பேர் 5 வோல்ட்டையே குடுத்துட்டு ரீடிங் எழுதுறோம். மார்க்குக்கு அது போதும், உயிருக்குப் போதாது. கடையில வர்றதுல பெரும்பாலும் எலெக்ட்ரோகெமிக்கல் செல். மோனாக்ஸைடு பட்டா உள்ளே சின்னதா கரன்ட் உண்டாகும், அதை வெச்சு அளவு சொல்லும். ஈ.என். தரப்படி 50 பி.பி.எம். இருந்தா 60லிருந்து 90 நிமிஷத்துக்குள்ள கத்தணும். 100 பி.பி.எம்.னா 10லிருந்து 40 நிமிஷத்துக்குள்ள. 300ன்னா 3 நிமிஷத்துக்குள்ள. அதனால மாட்டின உடனே லைட்டரைக் காட்டி "வேலை செய்யலையே"ன்னு திட்டாதீங்க. டெஸ்ட் பட்டனை அமுக்குங்க. இன்னொண்ணு, அந்த செல் சாகாவரம் வாங்கி வரலை. கம்பெனியைப் பொறுத்து 5லிருந்து 10 வருஷம். பின்னாடி தேதி போட்டிருப்பான்.

எங்கே மாட்டுறதுங்கிறதுலதான் எனக்கு நெஜமாவே மண்டை காய்ஞ்சது. நீராவி அடிக்கிற பாத்ரூமுக்குள்ள மாட்டாதேன்னு மேனுவல்லயே இருக்கு. கீசரோ உள்ளேதான் இருக்கு. அப்ப தப்பு அலாரம்கிட்ட இல்லை, கீசர் இருக்கிற இடத்துலதான்னு புரிஞ்சது. மறுபடி ஓனரம்மாகிட்ட போனோம். இந்தத் தடவை தூங்குமூஞ்சியோட அம்மாவும் கோவில்பட்டியில இருந்து வந்திருந்தாங்க. ரெண்டு அம்மாக்களும் அரை மணி நேரம் பேசினாங்க, எங்களை வெளியே நிக்கவெச்சிட்டாங்க. என்ன பேசினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அந்த வாரமே பிளம்பர் வந்து கீசரைப் பின்பக்கம் துணி துவைக்கிற திறந்த இடத்துக்கு மாத்தினார், வெந்நீர் மட்டும் பைப்ல உள்ளே வந்துச்சு. பேனரை நானே கிழிச்சேன். டிடெக்டரை நாங்க படுக்கிற ரூம்ல, படுத்தா தலை இருக்கிற உயரத்துல, ரெண்டு ஸ்க்ரூ போட்டு மாட்டினோம்.

தூங்குமூஞ்சிக்கு அதுக்கப்புறம் தலைவலி வரலை. முதல் பீரியட்ல இப்பவும் தூங்குறான், அது சொந்தத் திறமை. நான் அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். "பரோட்டா வாங்கித் தா"ன்னான். வாங்கிக் குடுத்தேன். இந்தப் பேரை மட்டும் மாத்த முடியலை, கிளாஸ் பூரா பரவிடுச்சு.

கீசர் இல்லாதவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். செமஸ்டர் லீவுக்குக் கொடைக்கானல், ஊட்டின்னு கிளம்புவீங்க. குளிருதேன்னு கரி அடுப்பை ரூமுக்குள்ள கொண்டுபோகாதீங்க. 2024 ஆகஸ்ட்ல கொடைக்கானல்ல பார்பெக்யூ அடுப்பை அறைக்குள்ள வெச்சுத் தூங்கின ரெண்டு இளைஞர்கள் காலையில எழுந்திருக்கவே இல்லை. மழைக்காலத்துல கரன்ட் போனா வராண்டாவுல ஜெனரேட்டர் ஓட்டுறதும் இதே கதைதான். நெருப்பு அணைஞ்சு தணலா இருந்தாலும் மோனாக்ஸைடு வந்துக்கிட்டேதான் இருக்கும்.

மே மாசம் வீட்டைக் காலி பண்ணினோம். ஸ்க்ரூ டிரைவரோட வந்த கணக்குப்பிள்ளை டிடெக்டர் முன்னாடி கொஞ்ச நேரம் நின்னான். ரெண்டாயிரத்துச் சொச்சம், அவன் நோட்டுல இருக்கு. அப்புறம் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள்ள போட்டுட்டு, ஒரு ஸ்டிக்கர்ல 'பேட்டரி மாத்தவும், கழட்ட வேண்டாம்'னு எழுதி அது மேல ஒட்டினான். அடுத்து ஃபர்ஸ்ட் இயர் பசங்க நாலு பேர் வர்றாங்களாம்.

அட்வான்ஸைத் திருப்பி வாங்கும்போது ஓனரம்மா கணக்கு சொன்னாங்க. பெயின்ட் இவ்வளவு, கரன்ட் பாக்கி இவ்வளவு, தாழ்ப்பாள் இவ்வளவு. அப்புறம் ரூம் சுவத்துல ரெண்டு ஓட்டை, நூறு ரூபாய்.