ஆடுபுலி ஆட்டமும் இடனறிதலும்

மேற்கு மலைத்தொடரின் அடியில், தேனி மாவட்டத்தில் அமைந்தது போடிநாயக்கனூர். ஊரின் மேற்கே மலைகள் மதில்போல் எழுந்து நிற்கின்றன. அம்மலைமேல் வளைந்து வளைந்து ஏறும் சாலை, ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்திலுள்ள போடிமெட்டினை அடைந்து, கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குள் செல்கின்றது. அத்தோட்டங்களில் விளையும் ஏலக்காய், போடிநாயக்கனூரிலுள்ள ஏல நிலையத்திற்கு வந்து விலைபோகின்றது. இம்மலையடிச் சிற்றூர்களிலும், தமிழகத்தின் பிற ஊர்களிலும், முதியோர் திண்ணையிலும் சிறுவர் மரத்தடியிலும் கோடு கிழித்து ஆடிவந்த விளையாட்டு ஆடுபுலி ஆட்டம். பாறைகளிலும் கோயில் தளக் கற்களிலும் அதன் கோடுகளை இன்றும் காணலாம். அதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் பலர். ஆயினும், இடம் அறிந்து செயலாற்றும் அறிவை அவ்வாட்டம் போல் எளிதிற் புகட்டுவது பிறிதொன்று இல்லை எனலாம்.

அவ்வாட்டத்தின் களம் 23 புள்ளிகளை உடையது. உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து இறங்கும். அவற்றைக் குறுக்கே வெட்டும் மூன்று கோடுகளில், வரிசைக்கு ஆறாகப் பதினெட்டுப் புள்ளிகள் அமையும். அக்குறுக்குக் கோடுகளின் முனைகளை இருபுறமும் நெடுங்கோடுகள் இணைக்கும். அடிக்கோட்டில் நான்கு புள்ளிகள் உள. ஒருவர்க்குப் புலி மூன்று; மற்றவர்க்கு ஆடு பதினைந்து. புலிக்குக் கூழாங்கல்லும் ஆட்டுக்குப் புளியங்கொட்டையும் போதும். இருவரும் மாறி மாறி ஆடுவர். ஆட்டுக்குரியவர் முறைக்கு ஒன்றாக ஆடுகளைக் களத்தில் வைத்தல் வேண்டும். பதினைந்தும் வைத்து முடியுமட்டும், வைத்த ஆட்டை நகர்த்துதல் ஆகாது. புலியோ தொடக்கத்திலிருந்தே நகரும். அடுத்து நிற்கும் ஆட்டுக்கு அப்பால், அதே கோட்டில் உள்ள புள்ளி வெறுமையாயின், புலி தாவி அவ்வாட்டை வெட்டும். ஆடு எதனையும் வெட்டாது. மூன்று புலிகளும் அசைய இடமின்றி அடைபடின், ஆடு வென்றதாகும்.

ஆட அமரும் சிறுவர் பெரும்பாலும் புலியையே விரும்புவர். தாவுதலும் வெட்டுதலும் கண்ணுக்கு இனியவை அல்லவா? ஆடு வென்றாலும் அதனை எண்ணிக்கையின் வெற்றி என்பாரும் உளர். ‘பதினைந்து சேர்ந்து மூன்றினை மடக்குதல் ஒரு வியப்போ?’ என்பது அவர் வினா. அவ்வினா ஆராய்ந்து எழுப்பியதன்று. சிதறி நிற்கும் பதினைந்து ஆடுகள் புலிக்குப் பதினைந்து இரைகளே ஆகும். அவற்றை ஒரு வேலியாக ஆக்குவது எண்ணிக்கையன்று, நிற்கும் இடமே.

களத்தைக் கூர்ந்து நோக்குவார்க்கு இவ்வுண்மை விளங்கும். குறுக்குக் கோடுகளின் நான்கு மூலைகளிலும், அடிக்கோட்டின் இரு முனைகளிலும் நிற்கும் ஆட்டைப் புலி வெட்ட இயலாது. தாவி இறங்க அப்பால் புள்ளி இல்லை. ஆதலின், தேர்ந்தவர் முதல் ஆடுகளை அவ்விடங்களில் வைப்பர். பின்னர் அவற்றையொட்டி உள்நோக்கி வைத்துச் செல்வர். முன்னிற்கும் ஆட்டுக்குப் பின்னிற்கும் ஆடு துணையாகும். எனினும், ஒரு திசையை மட்டும் காத்தல் போதாது. உட்புள்ளி ஒவ்வொன்றின் வழியும் இரண்டு கோடுகள் செல்கின்றன. குறுக்கே காவல் இருந்தும் மேலிருந்து புலி தாவக்கூடும். ஆதலின், ஓர் ஆட்டை வைக்குமுன் நான்கு திசையும் நோக்குதல் வேண்டும்.

ஓர் ஆட்டையும் இழவாது பதினைந்தையும் வைத்து முடித்தால், களத்தில் எஞ்சும் வெற்றிடம் ஐந்தே. அவ்வைந்தும் ஆடுகளின் முதுகுப்புறத்தே அமைந்தால் புலிக்கு விருந்து. புலிகளின் பக்கமே ஒதுங்கினால் ஆட்டுக்கு வெற்றி அண்மையது. வைத்த இடத்தைப் போலவே விட்ட இடமும் எண்ணத்தக்கது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வாறு ஆடுதல் அச்சத்தைக் கற்பிக்கும் என்று சிலர் கூறலாம். அதுவும் பொருந்தாது. மூலையில் நிற்கும் ஆடு சாகாது. ஆனால் மூலையிலேயே ஒடுங்கிய ஆடு புலியை மடக்கவும் மாட்டாது. காவல் அமைந்தபின் நடுக்களத்தை நோக்கி ஒவ்வோர் அடியாக முன்னேறினாலன்றி வெற்றி இல்லை. ஆடு கற்பிப்பது அச்சமன்று. பொறுமையோடு கூடிய துணிவே.

நட்டதைப் பெயர்க்க இயலாத இவ்வாட்டத்திற்கு, ஏலமலை உழவர் தொழிலே ஏற்ற உவமை. ஏலச்செடி நிழலை விரும்புவது; நேர்வெயில் பட்டால் கருகும். ஈரம் வேண்டுவது, ஆயின் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். பெருங்காற்று அதன் இலைகளைக் கிழிக்கும். நட்ட செடி பயன்தர ஏறக்குறைய மூன்றாண்டுகள் ஆகும். இடம் பிழைத்தால் அவ்வாண்டுகளின் உழைப்பு வீணாகும். ஆதலின், குழி எடுக்குமுன் உழவர் மரநிழலையும், நீர் வடியும் சரிவையும், காற்று வரும் திசையையும் நோக்குகின்றனர். சிறுநிலம் உடையார்க்கு ஒரு செடியின் இழப்பும் பெரிதே.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் வலியறிதலையும் காலமறிதலையும் கூறியபின், இடனறிதலுக்கு ஐம்பதாம் அதிகாரத்தை முழுமையாக ஒதுக்கினார். வலிமையும் காலமும் வாய்த்தவனும் இடம் பிழைத்தால் கெடுவான் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும்.

நேபாளத்திலும் இதனைப் போன்ற ஆட்டம் உண்டு. அங்கே புலி நான்கு, ஆடு இருபது, புள்ளி இருபத்தைந்து. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அதனைக் கணிப்பொறியால் ஆராய்ந்த அறிஞர், இருபுறத்தாரும் பிழையின்றி ஆடின் வெற்றி தோல்வியின்றி முடியும் என்று நிறுவினர். பல்லும் நகமும் உடைய புலியும் வெறுங்கையான ஆடும் அவ்வாட்டத்தில் நிகராயின! மெலியார்க்கு இதனினும் ஊக்கந்தரும் செய்தி வேறு யாது?

விளையாட்டில் கற்பதால் மற்றொரு நன்மையும் உண்டு. களத்தில் பிழைத்தால் இழப்பது ஒரு புளியங்கொட்டை. மலை அத்துணை எளிதில் மன்னிப்பதில்லை. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. மலையேறச் சென்றவருள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்மேல் குறை காணுதல் அறமன்று. ஆயினும், காய்ந்த புற்சரிவில் தீ மேல்நோக்கி விரைந்தேறும் என்பதையும், எவ்விடம் புகல், எவ்விடம் பொறி என்பதையும் முன்னரே அறிதல் மலையில் நடப்பார் அனைவர்க்கும் கடன். இடம் நோக்கும் பழக்கம் இளமையிலேயே படிதல் நன்று.

இன்று கைப்பேசித் திரையில் படைவீரரை நிறுத்தி, முறைவைத்து ஆடும் போர் விளையாட்டுகள் பல வந்துள்ளன. அவற்றிலும் வெல்வோர் இடமறிந்து நிறுத்துவோரே. அவற்றை ஆடும் சிறுவர், காசின்றிக் கிடைக்கும் இம்மண்ணின் ஆட்டத்தையும் கற்பாராக. கற்பிக்கும் பெரியோர், சிறுவர் கையில் முதலில் புலியைத் தராது ஆட்டைத் தருவாராக. வலிமை பலர்க்கும் வாய்ப்பதன்று. நிற்கும் இடத்தை ஆய்ந்து தேர்தல் எவர்க்கும் இயலும். புலியாகப் பிறவாதாரும் வெல்லும் வழி அதுவே.