முதுகை வருத்தாமல் நீர் நிரப்பலாம்

மாணவர்களே, மோட்டார்ஹோமில் சுற்றுலா செல்வோர் 20 லிட்டர் கலன்களில் குடிநீர் கொண்டுவந்து வண்டித் தொட்டியை நிரப்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்பா கலனை நெஞ்சோடு அணைத்துச் சாய்ப்பார். பாதி நீர் தொட்டியில், மீதி சட்டையில்!

20 லிட்டர் நீரின் எடை 20 கிலோ. அதை 1 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 200 ஜூல் ஆற்றல் போதும். அது சொற்பம்தான். அந்தப் பாரத்தைச் சாய்த்தபடி அசையாமல் பிடித்திருப்பதுதான் முதுகைப் பதம் பார்க்கிறது.

கலனைத் தொட்டியின் வாயைவிட உயரமான, உறுதியான மேடையில் வைத்துக் குழாயைச் செருகினால், புவியீர்ப்பே நீரை இறக்கிவிடும். இதுவே சைஃபன். கலனின் மூடியைத் திறந்து வையுங்கள். உள்ளே காற்று புகாவிட்டால் ஓட்டம் தடைப்படும். ஆனால், குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்கும் பழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். உங்கள் வாயில் உள்ள கிருமிகள், நாள்கணக்கில் தேங்கி நிற்கப்போகும் குடிநீரில் கலக்கலாம். குழாயை நீரில் முழுக்க அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்தாலே போதுமே!

மேடை இல்லையா? கலன் தரையிலேயே இருக்கட்டும். வண்டி மின்கலத்தில் இயங்கும் சிறிய 12 வோல்ட் பம்பு மேலேற்றிவிடும். அதற்குச் செலவழிப்பது வீண் என்பார் அப்பா. 200 ஜூல் கணக்கை அவரிடம் காட்டுங்கள்.