டப்2 போட்டால் மட்டும் போதாது

“யூனிக்ஸில் எல்லாமே கோப்புதான். சாக்கெட்டை டப்2 கொண்டு 0, 1 என்ற எண்களில் பொருத்திவிட்டால், பிரிண்ட்எஃப் மட்டுமே தெரிந்த நிரலும் ஒரு வரிகூட மாறாமல் நெட்வொர்க்கில் பேசும்.” சி மொழி கற்றுக்கொடுப்பவர்கள் பலர் இதைச் சொல்கிறார்கள். சான்றாக ஐநெட்டீயைக் காட்டுகிறார்கள். இணைப்பை ஏற்று, ஃபோர்க் செய்து, 0 (உள்ளீடு), 1 (வெளியீடு), 2 (பிழை) மூன்றிலும் சாக்கெட்டை வைத்து, எக்ஸெக் மூலம் வேறொரு நிரலை ஓடவிடும் அந்தச் சேவை 4.3 பீஎஸ்டீ காலத்திலிருந்தே (1986) இருக்கிறது. ஒரு கோப்பு எண்ணை இன்னொன்றில் நகலெடுக்கும் டப்2 தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. எந்த நிரலும் அப்படியே ஓடும் என்பதுதான் தவறு.

பெரிய சிக்கல் பஃபர். டப்2 கர்னலில் நடப்பது. பிரிண்ட்எஃப்பின் பஃபர் நிரலுக்குள், சி நூலகத்தில் இருப்பது. வெளியீடு டெர்மினலுக்குப் போனால் நூலகம் வரிக்கு வரி அனுப்பும். சாக்கெட் டெர்மினல் அல்ல. எனவே பஃபர் நிரம்பும்வரை, அதாவது சில ஆயிரம் பைட் சேரும்வரை, எதையும் அனுப்பாது. “உங்கள் பெயர்?” என்று அச்சிட்டுவிட்டு எஃப்கெட்ஸில் காத்திருக்கும் நிரலை எண்ணிப் பாருங்கள். கேள்வி பஃபரிலேயே கிடக்கிறது. எதிர்முனை கேள்விக்காகக் காத்திருக்கிறது, நிரல் பதிலுக்காகக் காத்திருக்கிறது. இரண்டும் அப்படியே நின்றுவிடும். செட்வீபஃப் மூலம் வரிவாரி முறைக்கு மாற்றினாலும், வரி முடியாத இந்தக் கேள்வி நகராது. பஃபரை முழுதாக நிறுத்தாவிட்டால் எஃப்ஃபிளஷ் எழுதித்தான் ஆக வேண்டும். ஐநெட்டீயின் கீழ் ஒழுங்காக ஓடிய நிரல்கள் இதைத் தெரிந்து எழுதப்பட்டவை.

பஃபர் முறையை வெளியிலிருந்தே மாற்றும் எஸ்டிடிபஃப் கட்டளை இருக்கிறதே என்பார்கள். நூலகத்தை இயங்கும்போது இணைத்துக்கொண்டு, அதன் வழக்கமான பஃபரையே நம்பும் நிரல்களுக்கு அது உதவும். ஸ்டாட்டிக்காகத் தொகுத்த நிரலை அது தொடவே தொடாது.

“சாக்கெட்டும் கோப்புதானே” என்பதும் பாதி உண்மைதான். படிக்கலாம், எழுதலாம், எல்சீக் செய்ய முடியாது. லினக்ஸில் உள்ளீடு சாக்கெட்டாக இருக்கும்போது /டெவ்/எஸ்டிடின் என்ற பெயரைத் திறந்தால் ஈஎன்எக்ஸ்ஐஓ பிழைதான் வரும். அதே பெயர் பைப்பில் சிக்கலின்றித் திறக்கும். ஷெல் ஸ்கிரிப்ட்டைச் சாக்கெட்டில் பொருத்துபவர்கள் இதில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது இணைப்பை முடிப்பது. “க்ளோஸ் செய்தால் எதிர்முனைக்குத் தெரிந்துவிடும்” என்ற நம்பிக்கை பைப்பிலிருந்து வந்தது. இங்கே 0, 1 இரண்டும் ஒரே சாக்கெட்டின் நகல்கள். 1-ஐ மட்டும் மூடினால் எதிர்முனைக்கு எதுவும் போகாது. பெற்றோர் செயல்முறை தன் நகலை மூட மறந்திருந்தால், பிள்ளை செத்த பிறகும் இணைப்பு திறந்தே கிடக்கும். நகல் எத்தனை இருந்தாலும் இணைப்பின் ஒரு திசையை முடிப்பது ஷட்டவுன். உள்ளீடு முடியும்வரை காத்திருக்கும் சார்ட் போன்ற நிரலுக்குத் தரவு அனுப்பி விடை பெற வேண்டுமானால், அனுப்பும் முனையும் ஷட்டவுன் மூலம் எழுதும் திசையை மட்டும் மூடத் தெரிந்திருக்க வேண்டும்.

2-ஐயும் சாக்கெட்டில் வைத்தால் பிழைச் செய்திகள் வெளியாளுக்குப் போகும். பிழை வெளியீட்டுக்குப் பஃபர் இல்லாததால் அவை பதிலை முந்திக்கொண்டும் போகும். விண்டோஸிலோ இந்த வழி நேரடியாக இல்லை: வின்சாக் சாக்கெட் என்பது சி நூலகத்தின் கோப்பு எண் அல்ல.

டப்2-ஐக் கற்றுக்கொடுப்பவர்கள் அதே வகுப்பில் எஃப்ஃபிளஷையும் ஷட்டவுனையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள்.