ரகசியத்துக்கு ஏன் காலாவதித் தேதி இல்லை?

1963இல் இரண்டு ராணுவ அதிகாரிகள் ஓர் அறிக்கையை எழுதி முடித்தார்கள். முந்தைய ஆண்டு சீனாவிடம் ஏன் அப்படித் தோற்றோம் என்று ராணுவம் தனக்குள்ளேயே நடத்திய விசாரணை அது. எழுதியவர்கள் லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பி.எஸ்.பகத்தும். அறுபது வருஷம் தாண்டிவிட்டது. அரசின் கணக்கில் அந்த அறிக்கை இன்னும் ரகசியம்.

யார்கிட்டேருந்து ரகசியம்? சீனாவிடமிருந்தா? 1962இல் தன் படைகள் எந்த மலையில் நின்றன என்று சீனாவுக்குத் தெரியாதா? நெவில் மாக்ஸ்வெல் அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் 1970இல் புத்தகமே எழுதினார். 2014 மார்ச்சில் அதன் பெரும்பகுதியை இணையத்திலேயே ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகும் நம் அரசு அதைத் திறக்கவில்லை.

மாக்ஸ்வெல் வெளியிட்டபோது எதிர்க்கட்சியில் இருந்த அருண் ஜேட்லி, இத்தனை வருஷம் கழித்தும் இதை மூடி வைப்பது சரியா என்று எழுதினார். அதே ஜூலையில் அவரே பாதுகாப்பு அமைச்சர். வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்று மாநிலங்களவையில் பதில் தந்தார். நான்கு மாதத்தில் அறிக்கை மாறவில்லை, நாற்காலிதான் மாறியது. அவருக்கு முன்னால் காங்கிரஸின் ஏ.கே.அந்தோணியும் இதையேதான் சொன்னார். ஆகவே கட்சி பார்த்துக் கோபப்பட இதில் ஒன்றுமில்லை. கோளாறு அமைப்பில் இருக்கிறது.

அந்த அமைப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 1923இல் வெள்ளைக்காரன் போட்ட அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. எது ரகசியம் என்று அதில் வரையறையே கிடையாது. எந்தக் கோப்புக்கு எந்த முத்திரை என்று சொல்வது உள்துறையின் 1994ஆம் வருஷக் கையேடு. அந்தக் கையேடும் நம் கண்ணில் படாது.

அடுத்து 1993இன் பொது ஆவணச் சட்டம். அதன் பத்தாவது பிரிவு, ரகசிய முத்திரை உள்ள எந்த ஆவணமும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகக் கூடாது என்கிறது. முத்திரையை எடுப்பது யார்? 1997 விதிகளின்படி, அந்தக் கோப்பை உருவாக்கிய துறையே நியமிக்கும் ஓர் அதிகாரி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பார்த்து முடிவெடுக்க வேண்டும். இப்போது அந்த அதிகாரியின் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். கோப்பைத் திறந்துவிட்டு ஏதாவது ஆனால் உங்கள் தலை உருளும். மூடியே வைத்தால் யாரும் ஒரு கேள்வி கேட்கப் போவதில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தாலும் மூடித்தான் வைப்பேன்.

விளைவு? 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் தங்களிடம் இல்லை, பசுமைப் புரட்சியின் ஆவணங்கள்கூட இல்லை என்று 2022 டிசம்பரில் தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைமை இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார். கோதுமை விதையில் என்ன ராணுவ ரகசியம்? ஒன்றுமில்லை. ஆனால் எதையும் கொடுக்காமல் இருப்பதே பழக்கமாகிவிட்ட அலுவலகத்துக்குப் போரும் ஒன்றுதான், கோதுமையும் ஒன்றுதான்.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கே என்பீர்கள். அதன்படி இருபது வருஷம் ஆன தகவலுக்குப் பெரும்பாலான விலக்குகள் காலாவதியாகிவிடும். ஆனால் நாட்டின் பாதுகாப்பு உள்ளிட்ட சில விலக்குகளுக்குக் கால வரம்பு இல்லை.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். யாருக்காவது ஓர் அனுமதி கொடுத்தால், அது எப்போது முடியும் என்ற தேதியையும் சேர்த்தே போடச் சொல்வார்கள். தேதி போடாத அனுமதி நிரந்தரமாகிவிடும், யாரும் திரும்பி வந்து அழிக்க மாட்டார்கள் என்பது எங்கள் தொழிலில் அடிபட்டுக் கற்ற பாடம். ரகசிய முத்திரையும் அப்படித்தான்.

"அப்போ எல்லாத்தையும் திறந்து போட்டுடலாமா?" இல்லை. இன்று எல்லையில் நிற்கிற படையின் இருப்பிடம் ரகசியம்தான். உளவு சொன்னவரின் பெயர் அவர் காலம் முழுக்க ரகசியம்தான். நான் கேட்பது, ரகசியம் என்று சொல்கிறவர் அதற்குக் காரணமும் சொல்ல வேண்டும், அதை வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது மட்டுமே. அமெரிக்காவின் 2009ஆம் வருஷ அதிபர் ஆணை, சட்ட மீறலையோ சங்கடத்தையோ மறைக்க முத்திரை குத்தக் கூடாது என்கிறது. விதிவிலக்கு கோராவிட்டால் இருபத்தைந்து வருஷத்தில் முத்திரை தானாக விழும். கண்காணிக்கத் தனி அலுவலகமும், மேல்முறையீட்டுக்குப் பல துறைக் குழுவும் இருக்கின்றன. அங்கேயும் தேவைக்கு மேல் முத்திரை குத்துகிறார்கள்தான். ஆனால் அதைத் தவறு என்று சுட்டிக்காட்ட அங்கே ஒரு விதி இருக்கிறது.

இங்கே 2021இல் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கை அறிவித்தது. ஆவணங்கள் பொதுவாக இருபத்தைந்து வருஷத்தில் திறக்கப்பட வேண்டுமாம். பழைய போர்களின் கோப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பரிசீலிப்பார்களாம். பரிசீலிப்பது யார்? மறுபடியும் அதே அமைச்சகம்.

1962இல் அப்பாவைப் பறிகொடுத்த குழந்தைக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல். போதிய குளிருடைகூட இல்லாமல் அந்த மலைக்கு அவரை யார் அனுப்பினார்கள், யார் எச்சரித்தார்கள், யார் அதைக் காதில் வாங்கவில்லை என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. அந்தப் பதிலைத் தன் அரசிடமிருந்து பெறாமலே அவரும் போய்ச் சேர்ந்துவிட்டால், இந்த முத்திரை யாரைப் பாதுகாத்தது?