பாபாசாகேப் படத்தைப் போட்டு பிட்காயின் விற்காதீர்கள்

“அம்பேத்கர் இன்று உயிரோடு இருந்தால் பிட்காயினைத்தான் ஆதரிப்பார்.”

போன மாதம் தா.பழூரில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஒரு தம்பி செல்போனை நீட்டிக் காட்டிய வாட்ஸ்ஆப் செய்தி இது. ஒரு பக்கம் நீலக் கோட்டில் பாபாசாகேப், மறுபக்கம் தங்க நிறத்தில் ஒரு காசு. “இது உண்மையாண்ணா?” என்று கேட்டான். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறவன். கேட்க வேண்டிய கேள்விதான்.

சென்ற ஆண்டு ஒரு தங்கையும் கேட்டாள். “பிட்காயின்னு சொல்றாங்களே, அது என்ன?” அன்று நாங்கள் சொன்ன பதில், “அதெல்லாம் பணக்காரன் ஆடுற சூதாட்டம்மா, நமக்கு எதுக்கு?” அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பதில் சொல்ல வேறு ஒருவர் இருந்தார். ஜெயங்கொண்டத்தில் மண்டபம் பிடித்துக் கூட்டம் போட்டார். மேடையில் அம்பேத்கர் படம், அதற்கு ஆளுயர மாலை. “நம்ம ஆளுங்க இன்னும் எத்தனை நாளைக்கு நாத்து நடுறது? நாமளும் கோடீஸ்வரன் ஆகணும்” என்று பேசினார். அவரும் நம் தெருக்காரர்தான். தங்கையின் அம்மா குழுவில் எடுத்த கடன் 40,000 ரூபாய் அவர் காட்டிய செயலிக்குள் போனது. இரண்டே மாதத்தில் திரையில் 1,10,000 என்று காட்டியது. எடுக்கப் போனால், முதலில் வரி 15,000 கட்டு என்றது. தோட்டை அடகு வைத்துக் கட்டினார்கள். மறுநாள் அந்த வாட்ஸ்ஆப் குழுவே இல்லை. அம்மா இன்றைக்கும் நடவுக் கூலியில் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

இதில் எங்களுக்கும் பங்கு உண்டு. “நமக்கு எதுக்கு?” என்பது யாருடைய சொல்? உங்களுக்கு எதுக்குப் படிப்பு, உங்களுக்கு எதுக்குச் செருப்பு என்று நம் தாத்தா பாட்டியிடம் சொன்னவர்களின் சொல். அதையே நம் பிள்ளையிடம் நாமே சொன்னோம். எனவே இந்தக் கட்டுரை இரண்டு தரப்போடும் சண்டை போடுகிறது. ஒன்று, பாபாசாகேப் படத்தை வைத்துக் காசு பார்ப்பவர்கள். இன்னொன்று, கேள்வியைக் காதில் வாங்காத நம் இயக்கத்துப் பெரியவர்கள். நாங்களும் அதில் அடக்கம்.

முதலில், அது என்ன?

2008 அக்டோபர் 31 அன்று சத்தோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. 2009 ஜனவரி 3-ல் பிட்காயின் ஓடத் தொடங்கியது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

மகளிர் குழு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நோட்டு தலைவி வீட்டில் மட்டும் இருந்தால் அவர் எழுதியதுதான் கணக்கு. குழுவில் உள்ள எல்லாரிடமும் ஆளுக்கொரு பிரதி இருந்து, ஒவ்வொரு வரவுசெலவும் எல்லா நோட்டிலும் ஏறினால்? ஒருவர் தன் நோட்டில் திருத்தினால் மற்ற நோட்டுகள் காட்டிக்கொடுத்துவிடும். பிட்காயின் அப்படி ஒரு நோட்டு. உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் அதன் பிரதி இருக்கிறது. ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப் பக்கம் சேர்கிறது. அந்தப் பக்கத்தை எழுதும் உரிமைக்காகக் கணினிகள் மின்சாரத்தைக் கொட்டிப் போட்டி போடுகின்றன. ஜெயித்தவருக்குப் புதுக் காசு கூலியாகக் கிடைக்கிறது. இந்தக் கூலி சுமார் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 2024 ஏப்ரலில் அது 3.125 காசாகக் குறைந்தது. மொத்தமாக 2 கோடியே 10 லட்சம் காசுக்கு மேல் வரவே வராது. உங்கள் காசைச் செலவழிக்க ஒரு ரகசியச் சாவி வேண்டும். சாவி யாரிடமோ காசு அவருடையது. தொலைத்தால் மறு சாவி கொடுக்க அலுவலகம் கிடையாது.

மெச்ச வேண்டிய கண்டுபிடிப்புதான். அதை மறுப்பது அறியாமை.

சட்டப்படி சரியா?

வாங்குவதும் விற்பதும் குற்றமல்ல. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, இந்த வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்றது. 2020 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2022-லிருந்து லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்கும் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்தம். ஒரு காசில் வந்த நஷ்டத்தை இன்னொரு காசின் லாபத்தில் கழித்துக்கொள்ள முடியாது. கோடீஸ்வரருக்கும் கல்லூரி மாணவருக்கும் ஒரே 30 சதவீதம்.

2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவைச் சொத்து என்று ஏற்றது. சொத்து என்பது வேறு, பணம் என்பது வேறு. மளிகைக் கடைக்காரர் அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. அப்படிச் சட்டம் போட்டுப் பார்த்த நாடு எல் சால்வடோர். 2021-ல் போட்ட சட்டத்தை 2025 ஜனவரியில் திருத்தி, விருப்பமுள்ளவர் வாங்கினால் போதும் என்று இறங்கி வந்தது.

“பிட்காயினுக்குச் சாதி தெரியாது”

இந்த வாதம் நம் பிள்ளைகளை ஏன் இழுக்கிறது என்று எங்களுக்கு நன்றாகப் புரிகிறது. கடன் கேட்டு வங்கிக்குப் போனால், பெயருக்கு அடுத்த கேள்வி எந்தத் தெரு என்பதுதான். ஜாமீனுக்கு ஆள் கேட்பார்கள். நிலம் இருந்தால் பட்டா கேட்பார்கள். நிலமே இல்லாதவர் எதைக் காட்டுவது? அரசு அடித்த பணத்தையும் நாம் பார்த்துவிட்டோம். 2016 நவம்பர் 8 இரவுக்குப் பிறகு சேர்த்து வைத்த ஐந்நூறு ரூபாயை மாற்ற, கூலி வேலையை விட்டு வரிசையில் நின்றவர்கள் நம் அம்மாக்கள். இப்படிப்பட்டவர்களிடம் வந்து, மேனேஜர் வேண்டாம், ஜாமீன் வேண்டாம், பெயரே வேண்டாம் என்று சொன்னால் காது கொடுக்கத்தான் செய்வோம்.

கணக்கு நோட்டுக்குச் சாதி தெரியாது என்பது உண்மை. அதில் எழுதக் காசு யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. பிட்காயின் சில ரூபாய்க்கு விற்ற காலத்தில் கணினியும் இணையமும் ஆங்கிலமும் யார் வீட்டில் இருந்தன? இன்றைக்கு ரூபாய் கொடுத்து வாங்க வேண்டுமானால் பான் கார்டு, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். பெயர் வேண்டாம் என்ற பேச்சு வாசலிலேயே முடிந்துவிடுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. நமக்கு இன்று தேவை கடன்: மாடு வாங்க, கடை வைக்க, படிக்க. பிட்காயின் கடன் கொடுக்காது. சேமிப்பு உள்ளவருக்குத்தான் அது கதவு. கந்துவட்டிக்காரரிடம் நிற்பவருக்கு அதில் எந்த வழியும் இல்லை.

பாபாசாகேப் என்ன சொன்னார்?

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். ‘ரூபாயின் பிரச்சினை’ 1923-ல் லண்டனில் வெளியானது. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பாபாசாகேப் அளித்த ஆய்வேடு அது. அன்று ரூபாய் வெள்ளிக் காசு. 1873-க்குப் பிறகு வெள்ளி விலை சரிந்தது. ரூபாயும் கூடவே சரிந்தது. 1893-ல் ஆங்கில அரசு நாணயச் சாலையைப் பொதுமக்களுக்கு மூடியது, தனக்கு மட்டும் திறந்து வைத்துக்கொண்டது. அதன்பின் வந்த ஏற்பாட்டைக் கெயின்ஸ் போன்ற பெரிய பொருளியலாளரே ஆதரித்தார். பாபாசாகேப் எதிர்த்தார். வேண்டும்போதெல்லாம் ரூபாய் அடிக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கக் கூடாது. அரசுக்கும் சேர்த்து நாணயச் சாலையை மூடு. ரூபாயின் அளவுக்கு வரம்பு வை என்றார். 1925-ல் ஹில்டன் யங் தலைமையிலான ராயல் கமிஷன் முன்பும் சாட்சியம் அளித்தார்.

ஆக, வரம்பில்லாமல் பணம் அடிப்பதை அவர் எதிர்த்தார் என்பதில் சந்தேகமில்லை. பிட்காயின்காரர்கள் இதுவரை சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். எதற்காக அந்த வரம்பைக் கேட்டார் என்பதைத்தான் படிக்கவில்லை.

பணத்தின் மதிப்பு விழுந்தால் விலைவாசி முதலில் ஏறும்; கூலி பின்னால்தான் ஏறும். அந்த இடைவெளியில் ஏற்றுமதி வியாபாரிக்கும் முதலாளிக்கும் வரும் லாபம் கூலிக்காரரின் தட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று அவர் காட்டினார். ஒரு ரூபாய்க்கு எத்தனை பென்ஸ் என்பதைவிட, ஒரு ரூபாய்க்கு எவ்வளவு பொருள் வாங்கலாம் என்பது நிலையாக இருக்க வேண்டும் என்பதே அவர் வாதத்தின் மையம். வரம்பு அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

இந்த அளவுகோலை பிட்காயின் மேல் வையுங்கள். 2021 நவம்பரில் ஒரு காசு சுமார் 69,000 டாலர். 2022 நவம்பரில் 16,000-க்கும் கீழே. 2025 அக்டோபரில் 1,25,000-ஐத் தாண்டியது. அடுத்த மாதமே 90,000-க்குக் கீழே இறங்கியது. எண்ணிக்கை அசையவில்லை, மதிப்பு ஆடித் தீர்த்தது. 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். அதில் 100 ரூபாயை 2021 நவம்பர் உச்சத்தில் போட்டிருந்தால் ஒரே ஆண்டில் கையில் இருந்திருப்பது கால்வாசி. மூன்று ஆண்டு பொறுத்திருந்தால் ஏறியிருக்குமே என்பார்கள். பொறுத்திருக்க முடிந்தவர் யார்? வீட்டில் அரிசி இருப்பவர். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஜூன் மாதம் பொறுக்காது. கூலிக்காரரின் பக்கம் நின்று ரூபாயை ஆராய்ந்த ஒருவரை, இந்த ஆட்டத்துக்கு விளம்பரப் பலகை ஆக்குகிறீர்களே, இது நியாயமா?

2016-லும் இதைத்தான் செய்தார்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை நோட்டை மாற்றச் சொன்னவர் அம்பேத்கர் என்று ஒரு செய்தி சுற்றியது. எந்த நூலில், எந்தப் பக்கத்தில் என்று கேட்டோம். அனுப்பியவர் யாரும் காட்டவில்லை. தம்பி தங்கைகளே, பாபாசாகேப் சொன்னதாக எது வந்தாலும் பக்க எண் கேளுங்கள். ஆங்கிலத் தொகுப்பில் ஆறாம் தொகுதி. நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

நம் தெருவுக்கு வந்தது எது?

மனிதரை நம்பாதே, கணக்கை நம்பு என்பதுதான் பிட்காயினின் அடிப்படை. ஆனால் நம் தெருவுக்கு அது ஒரு மனிதர் கையில்தான் வந்தது. மச்சான், பெரியம்மா மகன், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவர், மேடையில் ஜெய் பீம் சொன்னவர். அந்தத் தங்கையின் அம்மா போட்ட 40,000-த்தில் ஒரு பைசாவுக்குக்கூட பிட்காயின் வாங்கப்படவில்லை. திரையில் எண்கள் மட்டும் ஓடின.

2015-லிருந்து நாடு முழுக்க வசூலித்த கெயின்பிட்காயின் இதைத்தான் செய்தது. மாதம் 10 சதவீதம், 18 மாதம் என்று வாக்குக் கொடுத்தது. இப்போது அந்த வழக்கு சிபிஐ கையில். 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி வடிவில் வந்ததும் இதே வாக்குறுதிதான். பொருள் மாறும், பேச்சு மாறாது: மாதாமாதம் உறுதியான வருமானம், ஆள் சேர்த்தால் கமிஷன். உண்மையான பிட்காயின் யாருக்கும் மாதம் எத்தனை சதவீதம் என்று வாக்குக் கொடுப்பதில்லை. வாக்குக் கொடுத்தாலே அது வேறு ஏதோ.

பெயர் பெற்ற சந்தைகளிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் சந்தையில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காசுகள் திருடுபோயின. வங்கி திவாலானால் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக்குக் காப்பீடு உண்டு. இங்கே அதுவும் இல்லை.

எனவே நாங்கள் சொல்வது இதுதான். படியுங்கள், தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், அதில் வேலைக்கும் போங்கள். கடன் வாங்கிய பணத்தை, நகை அடகு வைத்த பணத்தை, கல்லூரிக் கட்டணத்தை அதில் போடாதீர்கள். சாவியையும் ஓடிபியையும் யாரிடமும் சொல்லாதீர்கள், அண்ணன் கேட்டாலும். பணத்தை எடுக்கப் பணம் கட்டச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்காமல் அன்றைக்கே 1930 எண்ணுக்குப் பேசுங்கள். நேரம் போகப் போகப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும். திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள், மனு எழுத உட்காருவோம்.

நம் தெருவிலேயே ஏஜெண்டாக இருப்பவரே, உங்களுக்கும் ஒன்று. உங்கள் பேச்சை நம் சனம் நம்பியதற்குக் காரணம் உங்கள் பின்னால் இருந்த படம். முதலில் அதை மேடையிலிருந்து இறக்குங்கள்.

கடைசியாக, சண்டை போட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 2016 ஏப்ரலில் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டப்படி ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடி தொழில்முனைவோருக்கு 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் கொடுத்திருக்க வேண்டும். நம் தா.பழூர் ஒன்றியத்தில் அப்படி வாங்கியவர் எத்தனை பேர்? பொதுத்துறை வங்கிக் கிளைகளிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறோம். மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் இருக்கிறது. எத்தனை பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம் என்று நம்மையும் கேட்டுக்கொள்வோம். ஜாமீன் கேட்காத கடன் நம் உரிமை. அது கிடைக்காத இடத்தில்தான் மண்டபம் பிடித்தவர் வந்து நிற்கிறார்.

இதை வெளியிடும் முன் அந்தத் தங்கையிடம் படித்துக் காட்டினோம். பெயர் போட வேண்டாம், மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றாள். அடுத்த வகுப்பில் அந்தச் செயலி எப்படி ஏமாற்றியது என்று அவளே மற்றவர்களுக்குச் சொல்லித்தரப் போகிறாள். “நமக்கு எதுக்கு?” என்ற பதில் இனி எங்கள் வகுப்பில் கிடையாது.

ஜெய் பீம்.