ஓசோன் கணக்கு: கம்ப்யூட்டர் சொல்வதை நம்புவதா, பழைய நோட்டை நம்புவதா?

ஓசோன் என்றாலே வானத்தில் விழுந்த ஓட்டைதான் பலருக்கும் ஞாபகம் வரும். இங்கே பேசப்போவது அது இல்லை. தரையிலிருந்து சில கிலோமீட்டர் உயரத்துக்குள், மனுஷங்க மூச்சு விடுகிற காற்றில் இருக்கும் ஓசோன். உயரத்தில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அதே வாயு, கீழே இருந்தால் நுரையீரலைப் பாதிக்கும், விளைச்சலைக் குறைக்கும். போதாக்குறைக்கு பூமியையும் சூடாக்கும்.

எந்தப் புகைபோக்கியிலிருந்தும் இது நேரடியாக வெளியே வருவதில்லை. வண்டி, மின் நிலையப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும், மீத்தேன், கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களும் வெயில் பட்டு வினைபுரியும்போது உருவாகிறது. சராசரியாக மூன்று வாரம் இருக்கும். அப்புறம் சிதைந்துவிடும்.

சிக்கலே இங்கதான் ஆரம்பிக்குது. 150 வருஷத்துக்கு முந்தைய கார்பன் டை ஆக்சைடு அளவு வேண்டுமென்றால், பனிக்கட்டிக்குள் சிக்கிய காற்றுக் குமிழியை உடைத்து அளந்துவிடலாம். ஓசோன் அப்படித் தங்காது. ஆக, இரண்டு வழிதான் மிச்சம். ஒன்று, அந்தக் காலத்தில் யாராவது அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால், அன்றைய உமிழ்வுகளைக் கொடுத்து காலநிலை மாடலை ஓடவிட்டு, அது என்ன சொல்கிறதென்று பார்க்க வேண்டும்.

அளந்தவர்கள் இருந்தார்கள். பாரிஸின் தெற்கே மோன்சூரி பூங்காவில் இருந்த ஆய்வகத்தில் 1876 முதல் 1910 வரை ரசாயனக் கரைசலுக்குள் காற்றைச் செலுத்தி, ஓசோனைக் கணக்கிட்டார்கள். 1988-இல் இரண்டு ஜெர்மன் விஞ்ஞானிகள் அந்தப் பதிவுகளைத் தூசு தட்டி மறுபடி ஆராய்ந்தபோது கிடைத்த விடை, நூறு கோடிக்கு சுமார் 10 பங்கு. இன்று ஐரோப்பாவில் அது 30, 40 என்று இருக்கிறது. அதாவது மூன்று நாலு மடங்கு உயர்வு!

மாடல்களோ அவ்வளவு கீழே இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தன. மின்னல், மண் ஆகியவற்றிலிருந்து வரும் இயற்கை நைட்ரஜன் ஆக்சைடைச் செயற்கையாகக் குறைத்துப் பார்த்தவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் எண் இறங்கியது. ஆனால் விடை வருவதற்காகக் கணக்கைத் திருத்துவதை யார் ஒப்புக்கொள்வார்கள்?

2019-இல் மூன்றாவது சாட்சி வந்தது. ஓசோன் தங்காவிட்டாலும், அதன் வேதிவினை சாதாரண ஆக்சிஜனில் ஒரு தடயத்தை விட்டுப்போகிறது. கனமான இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஜோடி சேர்ந்த மூலக்கூறுகளின் விகிதம் மாறுகிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் யங் குழு, கிரீன்லாந்து, அண்டார்டிகா பனியில் சிக்கிய காற்றில் இந்த விகிதத்தை அளந்தது. 1850-க்குப் பிறகான உயர்வு 40 சதவீதத்துக்குள்தான் என்றது முடிவு. மாடல்கள் சொல்லிக்கொண்டிருந்ததும் கிட்டத்தட்ட அதுவே.

அப்போ கம்ப்யூட்டர் ஜெயிச்சிடுச்சா? அவசரப்பட வேண்டாம்.

2014-இல் டேவிட் பாரிஷ் தலைமையிலான குழு மூன்று மாடல்களை எடுத்து, ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆசியாவில் ஊர்ப்புகை அதிகம் தொடாத இடங்களின் நீண்டகால அளவீடுகளோடு ஒப்பிட்டது. மலையுச்சிகளும் அட்லாண்டிக் கரையிலுள்ள அயர்லாந்தின் மேஸ் ஹெட்டும் அப்படிப்பட்ட இடங்கள். ஓசோனின் மொத்த அளவை மாடல்கள் 5 முதல் 17 பங்கு வரை கூட்டிச் சொல்லின. ஐம்பது, அறுபது வருடங்களில் ஏற்பட்ட மாற்றத்திலோ ஏறக்குறைய பாதியைத்தான் பிடித்தன. எந்தப் பருவத்தில் எவ்வளவு மாறியது என்பதையும் சரியாகக் காட்டவில்லை. மாடல்கள் தூக்கலாகத் தொடங்கி, மெதுவாக ஏறியிருக்கின்றன.

பிறகு 2019-இல் இன்னொரு பெரிய ஆய்வு பழைய அளவீடுகளையெல்லாம் வடிகட்டி, வட மிதவெப்ப மண்டலத்தில் உயர்வு 30 முதல் 70 சதவீதம் என்றது. இதை வைத்து மாடல் ஆதரவாளர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். 30-க்கும் 70-க்கும் நடுவில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதே! அவ்வளவு அகலமான கதவுக்குள் எந்த மாடலும் நுழைந்துவிடும்.

இது விஞ்ஞானிகளுக்குள் நடக்கும் வாய்க்கால் தகராறு என்று ஒதுக்கிவிட முடியாது. ஐபிசிசி-யின் ஆறாவது அறிக்கை, ஓசோன் மாற்றத்தால் வந்த வெப்பத் தாக்கத்தைச் சதுர மீட்டருக்கு 0.47 வாட் என்கிறது. கூடவே 0.24 முதல் 0.71 வரை என்று ஒரு வீச்சும் தருகிறது. தொழிற்புரட்சிக்கு முன் ஓசோன் எவ்வளவு இருந்தது என்பதை மாடல்களிடமிருந்துதான் இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. மீத்தேனைக் குறைத்தால் எவ்வளவு பயிர் பிழைக்கும், எத்தனை உயிர் மிஞ்சும் என்ற கணிப்புகளும் அதே மாதிரியான மாடல்களிலிருந்துதான் வருகின்றன. நடந்து முடிந்த ஏற்றத்தையே பாதி பிடித்த கருவி, இனி வரப்போகும் இறக்கத்தை முழுசாகச் சொல்லும் என்று எதை வைத்து நம்புவது?

உடனே ‘பாத்தீங்களா, மாடலே பொய்’ என்று வாட்ஸ்அப்பில் கிளம்ப வேண்டியதில்லை. பாரிஸ் விஷயத்தில் தப்பு பெரும்பாலும் பழைய அளவீட்டின் பக்கம்தான் இருந்தது. ஓசோன் கூடியிருக்கிறது, அதற்கு மனிதர்கள்தான் காரணம் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. எவ்வளவு என்பதில்தான் இழுபறி. அதைத் தீர்க்கப் புது சூப்பர் கம்ப்யூட்டர் மட்டும் போதாது. ஒரே இடத்தில், ஒரே முறையில், வருஷக்கணக்கில் அளந்துகொண்டே இருக்கும் சலிப்பான வேலையும் வேண்டும். பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவது பொதுவாக இந்த வேலைக்குத்தான். புது மாடல் என்றால் செய்தி வரும், மலையுச்சியில் ஒரு கருவி முப்பதாவது வருஷமாக ஓடுகிறது என்றால் யார் தலைப்பு போடுவார்கள்?

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. 2005-ஆம் ஆண்டில் மட்டும் ஓசோனால் நாடு இழந்தது சுமார் 35 லட்சம் டன் கோதுமை, 21 லட்சம் டன் அரிசி என்று 2014-இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்த எண்களும் மாடல் வழியாக வந்தவையே. சரிபார்க்க ஐரோப்பாவில் பல மலைகளில் பல பத்தாண்டுப் பதிவு இருக்கிறது. இங்கே இந்திய வானிலை ஆய்வு மையம் திருவனந்தபுரம், புணே, டெல்லியிலிருந்து பலூன் விட்டு அளந்துவருகிறது. இவ்வளவு பெரிய நாட்டுக்கு, இவ்வளவு வயலுக்கு, மூன்று ஊர் பலூன் எந்த மூலைக்கு?